மேயாத புல்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை உத்தமகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. கடைசியாக யார் வந்து காதைக் கடித்தாரோ, அவர் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். அவன் அவையில் மந்திரி வேளக்குடியாருக்கு மூளை அதிகம். பிரதானி கொண்டல்ராயருக்கு அந்த மூளைமேல் வயிற்றெரிச்சல் அதிகம்.

ஒருநாள் ராஜாவோடு கிழக்கு மேய்ச்சல்காட்டுக்குப் போன ராயர் ஒன்றைக் கவனித்தார். காடெல்லாம் மொட்டை. சாணம் கிடந்த இடங்களில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல் கரும்பச்சையாக நின்றது.

"மாட்டுக்குக் கொழுப்பு, மகாராஜா. இத்தனை புல்லை விட்டுவிட்டு மேற்குக் காட்டுக்கு ஓட்ட வேண்டுமாம். மந்திரி கொடுக்கிற இடம்" என்று பற்றவைத்தார்.

மாடு தன் சாணத்தை ஒட்டி முளைத்த புல்லில் வாய் வைக்காது, மழையில் கரைந்து வாடை போக வேண்டும் என்று மந்தைக்காரன் மூக்காண்டி சொல்லிப் பார்த்தான். ராயர் சிரித்தார். வாசலில் தெளிக்கிறோம், பூஜைக்கு மெழுகுகிறோம், மாட்டுக்கு மட்டும் அசிங்கமா என்று கேட்டார். ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நிற்கிற புல் தீரும்வரை ஒரு மாடும் மேற்கே போகக்கூடாது என்று காவல் போட்டுவிட்டான்.

நாலைந்து நாள் கழித்து மூக்காண்டி மந்திரியிடம் ஓடினான். "பட்டினி கெடந்து செத்தாலும் அதத் தொடாதுங்க சாமி. என் சினைப்பசு எந்திரிக்கவே மாட்டேங்குது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வேளக்குடியாருக்கு யோசனை வந்துவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இன்றைக்கே செய்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அடுத்த வாரம் ராஜாவின் பிறந்தநாள் விருந்து, அயல்நாட்டுத் தூதர்களெல்லாம் வருவார்கள். ராயர் அத்தனை பேர் முன்னால் அசடு வழிய வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்.

விருந்துப் பந்தலை அரண்மனைக் கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார் மந்திரி. தலைவாழை இலை, நெய் ஊற்றிய சம்பாச் சோறு, ஏழு வகைக் கறி. ராஜா ஒரு கவளம் எடுத்தான், வாய்வரை போகவில்லை. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சோறு சுத்தம், இலை சுத்தம். இது தீராமல் வேறிடத்தில் இலை போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், மகாராஜா" என்றார் வேளக்குடியார். "சாணம் நமக்குத்தான் மெழுகுகிற பொருள். மாட்டுக்கு அது என்ன என்று இப்போது தெரிகிறதா?"

ராஜாவின் முகம் சிவந்தது, பிறகு சிரிப்பு பீறிட்டது. தூதர்களும் சிரித்தார்கள். ராஜா உத்தரவு போட்டுவிட்டதால் ராயர் மட்டும் அங்கேயே உட்கார்ந்து இலையைக் காலி செய்யவேண்டியதாயிற்று. காவலை எடுக்கச் சொன்ன ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

மாலையும் கழுத்துமாக வேளக்குடியார் தானே கிழக்குக் காட்டுக்குப் போனார். எலும்பும் தோலுமாகப் பிழைத்திருந்த மாடுகள் தள்ளாடிக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தன. மூக்காண்டி போகவில்லை. முந்தின நாள் செத்த சினைப்பசுவின் தலைமாட்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மந்திரிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவனைக் கொஞ்சம் தேற்றலாம் என்று விருந்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். ராஜா மூக்கைப் பொத்தியதை நடித்துக்கூடக் காட்டினார். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். சிரிக்கவில்லை.

"நல்ல யோசனதான் சாமி" என்றான். "இது ஒங்களுக்கு எப்பத் தோணுச்சு?"

வேளக்குடியார் அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.