வேலம்மாளுக்கு வந்தது எந்த வகை

வேலம்மாளின் புற்றுநோய்க்குத் தப்பான பெயர் வைத்து அறிக்கை போய்விட்டது.

அந்தத் தாளை நம்பி மருத்துவர்கள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சிறுநீரகத்தை எடுத்தாயிற்று, இது சாதுவான வகை, ஆறு மாதம் கழித்து வா என்றார்கள். முப்பத்தோரு வயசுக்காரி. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவள். நம்பிப் போனாள்.

அறிக்கை எழுதியவர் டாக்டர் இன்னாசிமுத்து. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் ஊசி போட்டுவிட்டு, திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் படிப்புக்காக மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். அவருக்குப் பாடம் சொல்கிற டாக்டர் செண்பகவல்லிக்கு நாற்பதுதான். அதில் இன்னாசிமுத்துவுக்கு வருத்தமில்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் வந்தது.

வேலம்மாளின் கட்டியைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை ஆசிரியை அவர் முன்னால் வைத்தார்.

"இதை என்னன்னு எழுதினீங்க?"

"பாப்பிலரி வகை, மேடம். விரல் விரலா நீட்டிக்கிட்டு இருந்தது."

"தகடு முழுக்கவா?"

"முக்கால்வாசி."

"மீதி?"

"குழாய் குழாயா. சில இடத்துல சல்லடை மாதிரி."

"அது என்ன வகை?"

"முக்கால்வாசி எதுவோ அதைத்தானே எழுதுவோம்."

"நோய் என்ன பஞ்சாயத்து எலெக்‌ஷனா, டாக்டர்? ஓட்டு எண்ணிப் பேர் வைக்க?"

இன்னாசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு எண்பது தகடு. குனிந்து குனிந்து பிடரி மரத்துப் போகிறது. அதை யார் கேட்டார்கள்? ரொம்ப நாளாக உள்ளே கிடந்த கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"வகை, உள்வகை, அதுக்குள்ள இன்னொரு வகைன்னு வருஷா வருஷம் புத்தகம் தடிச்சுக்கிட்டே போகுது. எல்லாம் புற்றுதானே மேடம்? வெட்டி எடுத்தாச்சு. எந்தப் பேர் வச்சா அவளுக்கு என்ன?"

ஆசிரியை குனிந்து மைக்ரோஸ்கோப்பின் பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

"இப்ப பாருங்க."

"வெளிச்சம் இல்லாம எதைப் பார்க்க?"

"இதுல பாருங்க," என்று ஒரு தாளை நீட்டினார். வேலம்மாளின் சிறுநீரகத்தோடு வார்டிலிருந்து வந்த தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. பெயர், வயது, வலது பக்கக் கட்டி, எடுத்த தேதி.

"இதைப் பார்த்தேனே," என்றார் இன்னாசிமுத்து.

"திருப்புங்க."

பின்பக்கம் நீல மையில் தமிழ். குண்டு குண்டான எழுத்து.

'இருபத்தாறு வயதில் கர்ப்பப்பைக் கட்டி எடுத்திருக்கிறார். அக்காவுக்கும் அப்படியே. அம்மா சிறுநீரகக் கட்டியில் இறந்தார். இவர் கையில் சின்னச் சின்னத் தடிப்புகள், குளிர்பட்டால் வலிக்கிறதாம். டாக்டர் பார்க்கவும்.'

இன்னாசிமுத்து இரண்டு தடவை படித்தார்.

"பின்பக்கம் யாரும் எழுத மாட்டாங்க, மேடம்."

"எழுதியிருக்காங்களே."

பிளக்கைச் சொருகினார் ஆசிரியை. இன்னாசிமுத்து குனிந்தார். அதே தகடுதான். செல்லுக்குச் செல் நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு. பொட்டைச் சுற்றி வெள்ளை வளையம். அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும். அவர் விரல் விரலாக நீட்டியதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இது குடும்பத்துல இறங்குற வகை," என்றார் ஆசிரியை. "உடம்புல ஒரு நொதி வேலை செய்யாது, அந்தக் கர்ப்பப்பைக் கட்டியும் கைத்தடிப்பும் அதனாலதான். தகட்டை வெளியூருக்கு அனுப்பி, அந்த நொதி இருந்தா பழுப்பாக்குற சாயம் போட்டு வாங்கினேன். நல்ல செல்லெல்லாம் பழுப்பாச்சு. புற்று மட்டும் வெளுத்துக் கிடக்கு."

"அப்ப சாது இல்லையா?"

"சாதுவா? சின்னதா இருக்கும்போதே ஓடிப் பரவுற வகை. வேலம்மாளைக் கூட்டிவர ஆள் போயிருக்கு. அக்கா இங்க உள்ளூர்தான், அவங்களுக்கு நேத்தே ஸ்கேன் எடுத்தாச்சு. இடது பக்கம் ஒண்ணரை சென்டிமீட்டர். வலி இல்லை, ஒண்ணும் இல்லை, நல்லா நடமாடிட்டு இருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன். எந்தப் பேர் வச்சா என்னன்னு நீங்களே போய் அவங்ககிட்ட கேளுங்க."

இன்னாசிமுத்து தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் ஆசிரியையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"நல்லவேளை, நீங்க பார்த்தீங்க," என்றார்.

"நானா? அறிக்கையோட அடியைப் பாருங்க."

அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. மற்றது செண்பகவல்லி.

"ஒரு நிமிஷம்கூடப் பார்க்கல," என்றார் ஆசிரியை. "நீங்க அனுபவப்பட்டவர், சரியாத்தான் இருக்கும்னு போட்டேன். உங்க மேலதான் கோபம்னு நினைச்சீங்களா? உங்க மேலயும்தான்."

இன்னாசிமுத்து புதுப் படிவத்தை எடுத்து, திருத்திய அறிக்கையை எழுத ஆரம்பித்தார். வகையின் பெயரை எழுதினார். குடும்பத்தார் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"பிழையைக் கண்டவர்னு கேட்டிருக்கு, மேடம். வழக்கமா துறைத்தலைவர் பேரைத்தான் போடுவோம்."

"போன மாசம் ஒரு சிஸ்டர் உங்ககிட்ட வந்தாங்களா?"

வந்தாள். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, 'நான் எழுதினதுக்கு இதுல ஒரு பதிலும் இல்லையே சார்' என்றாள். இதெல்லாம் டாக்டர்கள் பார்க்கிற விஷயம், வார்டுக்குப் போம்மா என்றார் இன்னாசிமுத்து. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வந்தாங்க. அனுப்பிட்டேன்."

"என்கிட்டயும் வந்தாங்க. மீட்டிங் இருக்குன்னு நானும் அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். மூணாம் நாள் வாசலை மறிச்சு நின்னு, படிச்சிட்டு அப்புறம் மீட்டிங் போங்கன்னாங்க." ஆசிரியை படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். "அவங்க பேரை எழுதுங்க. மாரிக்கனி. ஆறாம் வார்டு நர்ஸ்."