ராஜா என்றால் கதவு திறக்காது

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை மகிழ்வளவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். கோபம் மூக்கு நுனியிலும் அதிரசம் எந்நேரமும் வாயிலும் இருக்கும், அவ்வளவுதான்.

கோட்டைக் கதவு சாத்தியபின் வெளியே நிற்பவர் "நான் ராஜா" என்று சொல்லி, ரகசியச் சொல்லையும் சொன்னால் காவலன் முகம்கூடப் பார்க்காமல் திறந்துவிடுவான். அப்படி வந்த யாரோ ஒரு 'ராஜா' அரண்மனை மாந்தோப்பையே வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மந்திரி தீர்த்தகிரி அந்த வழக்கத்தை நிறுத்தினார். ராஜாவே ஆனாலும் சொந்தப் பெயரைச் சொல்லி, முகம் காட்டி, குனிந்து நுழையும் திட்டிவாசல் வழியாகத்தான் வரவேண்டும். உள்ளே வந்து கிரீடம் வைத்துக்கொண்டு எந்த ஆணையும் இடலாம்.

வேட்டைக்குப் போய் மழையில் நனைந்து திரும்பிய ராஜாவிடம் காவலன் பெயர் கேட்டான். மகிழ்வளவன் என்பது பட்டம் சூட்டியபோது வந்த பெயர்; பெற்றவர்கள் வைத்த பெயர் உப்பிலி. பரிவாரத்தின் முன்னால் அதைச் சொல்லவேண்டி வந்ததில் ராஜாவுக்கு மானமே போய்விட்டது.

மறுநாள் சபையில் மந்திரிமேல் எரிந்து விழுந்தார். மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த சொக்கேசர் சும்மா இருப்பாரா? "இன்று வாசலை மறுத்தவர் நாளை சிம்மாசனத்தை மறுப்பார், அரசே" என்று தூபம் போட்டார். புதிய ரகசியச் சொல்லோடு பழைய வழக்கமே திரும்பட்டும், விடிந்ததும் தீர்த்தகிரி பதவியை விட்டுப் போகட்டும் என்று உத்தரவாயிற்று.

தீர்த்தகிரிக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று மாலை ராஜாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தார். "'ராஜா' என்ற பெயர் ஊருக்கே தெரியும், அரசே. பாதிப் பூட்டு திறந்தே கிடக்கிறது. மீதி ஒரே ஒரு சொல்தான்."

கதவு சாத்தியதும் வெளியே ஒருவர் கனைத்தார்.

"நான் ராஜா. லட்டு."

காவலன் அசையவில்லை.

"நான் ராஜா. சுசியம்."

ராஜா நெளிந்தார்.

"நான் ராஜா. அதிரசம்."

கதவு தடதடவென்று திறந்தது. முக்காடு போட்ட ஆள் வந்ததும் வராததுமாக, தீர்த்தகிரியைச் சிறையில் தள்ளச் சொல்லி ஆணையிட்டார். விடிவதற்குள் ராஜாவின் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு.

ராஜா எழுந்து முக்காட்டை விலக்கினார். சொக்கேசர்!

"மாந்தோப்பை வெட்டிய ராஜாவும் நீர்தானா?" என்று கேட்டார். சொக்கேசர் தடாலென்று காலில் விழுந்தார்.

தீர்த்தகிரிக்குப் பதவியோடு முத்துமாலையும் கிடைத்தது. பல இடங்களில் தூரத்திலிருந்து கணினிக்குள் யாரையும் நேரே எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகியாக நுழைய விடுவதில்லையே, அதுவும் இந்த மந்திரியின் யோசனைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உன் பெயரில் வா, உள்ளே வந்து கிரீடம் வைத்துக்கொள்.

சொக்கேசருக்குத் திட்டிவாசல் காவல் கிடைத்தது. அடுத்த வேட்டை முடிந்து வந்த ராஜாவிடம், அவர்தான் பெயர் கேட்டார்.

ராஜா சிரித்தபடி குனிந்தார். "உப்பிலி வந்திருக்கிறேன்."