தகரம் இல்லாத கார்

கொல்லிமலைக்குப் போகிற பாதையில் எழுபது வளைவுகள். எழுபதையும் ஏறவேண்டிய காரின் அடியில் டிரைவர் செங்கோடன் குனிந்து பார்த்தான்.

காரின் பெட்ரோல் டேங்குக்கும் சூடான சைலென்சர் குழாய்க்கும் நடுவே சூட்டைத் தடுக்க ஒரு தகரம் இருந்தது. அது கடகடத்தால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள் என்று மில் முதலாளி பொன்னுரங்கம் நேற்றுத்தான் அதைக் கழற்ற வைத்தார். இன்று மகன் கல்யாணத்துக்குப் புறப்பாடு. பின்சீட்டில் முதலாளியம்மாவும் மூன்று பேத்திகளும் ஏறி உட்கார்ந்தாயிற்று.

“மொதலாளி, ஏத்தத்துல குழாய் பழுத்துடுங்க. டேங்க் ரெண்டு விரல் தூரத்துலதான் இருக்குது.”

“முப்பது வருசமா கார் வச்சிருக்கறவன்டா நான். நடுவுல காத்து இருக்குது, அது போதும். பயமா இருந்தா சாவியக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போ.”

செங்கோடன் சாவியைக் கொடுக்கவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக டிக்கியில் அடுக்கினான். மணப்பெண்ணுக்கு எடுத்த கூரைப்புடவைப் பெட்டியை மட்டும் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டான்.

“டிக்கியில எடமில்லீங்க. தகரம் இருந்த எடம் சும்மாத்தானே கெடக்குது? இதை அங்க வச்சுக் கட்டிடட்டுங்களா?”

“அடப்பாவி, குழாய்ச் சூட்டுல பட்டு கருகிப் போயிடாதா?”

“நடுவுல காத்து இருக்குதுங்களே.”

காரின் பின்கதவு திறந்தது. முதலாளியம்மா பேத்திகளை ஒவ்வொருத்தியாகக் கீழே இறக்கிவிட்டு, தானும் இறங்கி நின்றார்.

“மொதல்ல தகரம் ஏறட்டும்” என்றார் கணவரிடம். “அப்புறம் நாங்க ஏறுறோம்.”