சார்ஜ் லைட்

குப்புராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார், என்ஜின் வேலையில் கெட்டிக்காரர். வயரிங் மட்டும் பிடிபடாமல், தன்னைவிட வயதில் சின்னவளான வசந்தாமணியிடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கற்றுக்கொண்டிருந்தார். குரு அவரை அண்ணா என்பாள், சீடர் குருவை அம்மணி என்பார். கோயமுத்தூரில் அது ஒன்றும் அதிசயமில்லை.

அன்றைக்கு ஒரு பழைய அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"பேட்டரி மாத்தியாச்சு, பெல்ட் மாத்தியாச்சு, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரையே மாத்திப் பாத்தாச்சுங்க அம்மணி. சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. பாதி வழியில நின்னு உசுரை வாங்குது. சலிச்சுப் போச்சு. பேசாம ஷெட்டை மூடிரட்டுமா?"

வசந்தாமணி பானெட்டைத் தூக்கினாள்.

"பழைய டைனமோவை எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர் வெச்சது நீங்கதானுங்களா?"

"நான்தான். என்ஜினும் புதுசு, டேஷ்போர்டும் புதுசு."

"சரசக்கா எப்படி இருக்காங்க?"

வயரைப் பற்றியே கேட்டிருக்கலாமே என்றிருந்தது அவருக்கு. ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் பேசியதெல்லாம் அவர் மனைவி சரசுதான். எந்த வண்டி திரும்பி வந்தது, யார் முகம் சுளித்தது என்று சாயங்காலமானால் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். ஆடி மாதம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "குறை சொல்றதுன்னா ஊட்லயே இரு" என்று கத்திவிட்டார். அவளும் இருந்துவிட்டாள். சோறு போடுவதோடு சரி, பேச்சு கிடையாது. வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை, ஷெட்டைத் திறக்கவும் பிடிக்கவில்லை. அவளை எப்படித் திரும்பப் பேசவைப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

"இருக்கறா. பேசறதில்லை."

வசந்தாமணி சார்ஜ் உள்ள வேறொரு பேட்டரியை மாட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எங்கீங்க?"

"கழட்டிப் போட்டுட்டேன். சாவி போட்டதும் செவப்பா முறைச்சுட்டு நிக்கும், எரிச்சலா வரும். டைனமோ வண்டில அது இல்லாமயே ஓட்டியிருக்கேனே."

"டைனமோவுக்குச் சரிங்க."

ஒரு சின்ன பல்பை எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய வயரோடு சேர்த்தாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பாக எரிந்தது.

"பாத்தீங்களா, வந்துருச்சு" என்று அலுத்துக்கொண்டார் குப்புராஜ்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். சிவப்பு தானாகவே அணைந்தது. பேட்டரியில் வைத்த மீட்டர் பதினாலு வோல்ட் காட்டியது, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. குப்புராஜ் மீட்டரையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்ட் இந்த பல்பு வழியாத்தான் போகுது. அது உசுப்பிவிட்டாத்தான் இது வேலை செய்யும்ங்க."

"நான் அது சும்மா குறை சொல்றதுக்குத்தான் இருக்குதுன்னு…"

என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பல்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டறேன் அம்மணி" என்றார்.

"இதுல அவங்களுக்குக் காட்ட என்னங்கண்ணா இருக்குது? ஊட்டுக்குப் போங்க. அவங்க பேசி முடிக்கற வரைக்கும் எந்திரிக்காம உக்காருங்க."