அரியணைக்கு அடியில் உச்சிக்கோடு

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், தை மாதத்துக் காலை ஒன்றில் கொலு கூடியது. அன்று யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

மேற்குச் சுவரோரம் அரியணையில் அரசர் நெடுமுடிவேள். அவருக்கு வலப்பக்கம் முக்காலியில் பிரதானி வீமராசர். நடுக்கூடத்துக் கம்பளத்தில் நாலு துறைமுகத்துக் கப்பல் தலைவர்கள். அவர்களில் மூத்தவர் சேகாதி மரைக்காயர். கடைக்கோடியில், கடலைப் பார்த்த தெற்கு வாசலோரம், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடும் இடத்துக்குப் பக்கத்தில், மடியில் கட்டுச்சோற்றோடு விகடன் ஆதிச்சன்.

கப்பல் தலைவர்கள் வந்த காரியம் இதுதான். கிழக்கே இத்தனை நாழிகை, மேற்கே இத்தனை நாழிகை என்று கடலில் தூரத்தை எண்ணுகிறார்களே, அதை அவரவர் தம் ஊர் உச்சிப்பொழுதிலிருந்து எண்ணினார்கள். ஒருவர் சொன்ன பாறை இன்னொருவர் கடற்படத்தில் வேறு இடத்தில் இருந்தது. அந்த வருஷம் மட்டும் மூன்று கப்பல்கள் பாறையில் மோதிவிட்டன. எல்லாரும் வடக்குத் தெற்காகப் போகும் ஒரே கோட்டிலிருந்து எண்ணலாம் என்று பேச வந்திருந்தார்கள்.

அரசருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அளவுக்கு மேலேயே பிடித்துவிட்டது. அந்தக் கோடு தம் அரியணைக்கு அடியில்தான் போக வேண்டும் என்றார்.

மரைக்காயர் எழுந்து, பத்தில் ஏழு படம் விளக்குப் பாறையிலிருந்து எண்ணி வரைந்தது என்று எடுத்துச் சொன்னார். துறைமுகத்து முனையில் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறை அது. "வாப்பா காலத்துப் படம், மகாராசா. கோடு ஒரு சாண் நகர்ந்தாலும் அத்தனையும் திரும்ப வரையணும். வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் எத்தனை கப்பல் போகுமோ."

அரசரோ சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. அந்த நேரம் பார்த்து ஆதிச்சன் கட்டுச்சோற்றை அவிழ்த்தான்.

உச்சிக்கு இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. தினமும் அந்த நேரத்தில்தான் அவன் சாப்பிடுவான். அரண்மனையே அதைச் சொல்லிச் சிரிக்கும். காரணம் யாருக்கும் தெரியாது என்றில்லை. ஒரே மகள் உமையாளைக் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் கட்டிக்கொடுத்திருந்தான். போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரே ஒரு கடிதம் எழுதினாள்: இங்கே இரண்டு நாழிகை முந்தியே உச்சியாகிறது அப்பா, நான் முழுகாமல் இருக்கிறேன். அன்று முதல் அவள் சாப்பிடும் நேரம்தான் அவனுக்கும் சாப்பாட்டு நேரம்.

பதில் எழுதினான். போன கப்பல் தலைவர் அந்த இரண்டு நாழிகையைத் தம் ஊரிலிருந்து எண்ணி, வெறுங்கடலில் சுற்றிவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். குழந்தை பிறந்ததா என்ற கேள்வியை அடித்துவிட்டு, நடக்கிறதா என்று எழுதினான். அதுவும் திரும்பியது. பேசுகிறதா என்று எழுதினான். அதுவும் வந்துவிட்டது.

"பார்த்தீர்களா மன்னா," என்றார் வீமராசர். "நம் நாட்டுச் சோறு, வேற்று நாட்டுப் பசி. இத்தனை நாழிகைக் கணக்கு தெரிந்தவனே இதைத் தீர்க்கட்டும். கோடும் நகரக் கூடாது, தங்கள் சொல்லும் தவறக் கூடாது. நாளை உச்சிக்குள் முடிக்காவிட்டால் கடல் கண்ணில் படாத உள்நாட்டு ஊர் எதற்காவது போய் இருக்கட்டும்."

அரசர் தலையசைத்தார். ஆதிச்சன் கையில் பிடித்த கவளத்தைக் கீழே வைத்தான். அந்த வாசலை விட்டால் கடல் இல்லை. கடல் இல்லாவிட்டால் கப்பல் வருகிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

"உத்தரவு," என்றான். பிறகு, ஆறிப்போகுமே என்று, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டான்.

மறுநாள் உச்சிக்குச் சற்று முன் அரசர் பூசை முடிந்து வந்தார். மேற்குச் சுவரோரம் அரியணையைக் காணோம். பன்னிரண்டு பல்லக்குத் தூக்கிகள் வியர்த்து நின்றார்கள். அரியணை தெற்கு வாசலோரம், ஆதிச்சன் உட்காரும் இடத்தில், கடலைப் பார்த்தபடி இருந்தது.

வீமராசருக்கு முகம் சிவந்துவிட்டது. அரியணையைச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பதா என்று ஆரம்பித்தார்.

"கோடு நகரக் கூடாது என்றார்கள்," என்றான் ஆதிச்சன். "அது அரியணைக்கு அடியில் போக வேண்டும் என்றீர்கள். அரியணையை நகர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, மன்னா. கோடு விளக்குப் பாறையோடு நின்றுவிடாது. தெற்கேயும் போகும், வடக்கேயும் போகும். வடக்கே வரும்போது இந்த வாசலில்தான் நுழைகிறது. தாங்களே உட்கார்ந்து பாருங்கள்."

அரசர் உட்கார்ந்தார். நேர் எதிரே விளக்குப் பாறை. கலங்கரை விளக்கத்துக்கு நேர் மேலே, எண்ணெய்த் திரியில் ஏற்றிய சுடர்போல் சூரியன். அதே நொடியில் உச்சிமுரசு கேட்டது.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரிந்தது?"

"இங்கே உட்கார்ந்தால்தான் உச்சி சரியாகத் தெரியும், மன்னா. அதிலிருந்து இரண்டு நாழிகை கழித்துக்கொள்வேன். அதற்காகவே கேட்டு வாங்கிய இடம்."

அரசர் சிரித்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. வழக்கம் மாறாமல் அவருக்கு வலப்பக்கம் முக்காலியைப் போட்டுக்கொண்ட வீமராசர், செருப்புக் குவியலின் நடுவே உட்கார்ந்திருந்தார். மரைக்காயர் தம் ஜோடியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்குக் கால் வைக்க இடம் கொடுத்தார். இனி அந்தக் கோட்டிலிருந்தே எண்ணுவதாகக் கப்பல் தலைவர்கள் நால்வரும் அங்கேயே கையெழுத்திட்டார்கள்.

சிரிப்பு ஓய்ந்தபின் அரசர் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பாய்மரமும் இல்லை.

"எத்தனை வருஷமாக இதைப் பார்க்கிறாய்?"

"நாலு, மன்னா."

"இனி எங்கே உட்காருவாய்?"

"வாசற்படி இருக்கிறதே. அதுவும் கோட்டின்மேல்தான்."

அரசர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவனுக்குப் போட்டார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதிச்சன் மடியிலிருந்து, மூன்று முறை திரும்பி வந்த தன் கடிதத்தை எடுத்தான். மரைக்காயர் வாங்கி, மேலே எழுதியிருந்த விலாசத்தைப் படித்தார்.

"எங்கேருந்து ரெண்டு நாழிகைன்னு எழுதலியேப்பா."

"எங்கிருந்து என்று எழுத இதுவரை ஓர் இடம் இல்லையே, மரைக்காயரே."

இப்போது எழுதினான்: விளக்குப் பாறைக்குக் கிழக்கே இரண்டு நாழிகை. பிறகு கடிதத்தைப் பிரித்து, பேசுகிறதா என்பதை அடித்துவிட்டு, கீழே மிச்சமிருந்த இடத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தான்: தாத்தா எங்கே என்று உன் பிள்ளை கேட்டால், எல்லாக் கப்பலும் எண்ணத் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்.

அரக்கை உருக்கி ஊற்றினார்கள். அரசர் தம் மோதிரத்தையே அதில் பதித்தார். மரைக்காயர் கடிதத்தைத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டு, தம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, துறைமுகத்துக்கு இறங்கிப் போனார்.