கம்போடியாப் படத்தில் இருப்பது யார்?

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நம்பாமல் இருந்தது சரிதானா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. சொன்னவர் கோலப்பன் அண்ணாச்சி. சம்பவத்தில் இருந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். ஆகவே அவரைப் பொய்யர் என்று நினைப்பதா, வேறு மாதிரி நினைப்பதா என்று தயக்கம்.

அண்ணாச்சியின் கூட்டாளி தாணுமாலயன் கம்போடியாவுக்குச் சுற்றுலா போய்விட்டு, ஒரு படம் வாங்கிவந்தார். அங்கே கோயில் சிற்பத்தின் மேல் தாளை விரித்து, கரியால் தேய்த்து எடுத்தது. கையில் தடி, உருட்டிய கண், வெளியே நீண்ட பல். சாமியா அசுரனா தெரியவில்லை.

அவர் மனைவி பகவதியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "சாமின்னா பூஜையறை. அசுரன்னா திருஷ்டிக்கு வாசல். வெள்ளிக்கிழமை பால்காய்ப்புக்குள்ள யாருன்னு தெரியலேன்னா நீங்களும் அதுவும் வெளிய நில்லுங்க. பாலை நான் காய்ச்சிக்கிடுதேன்."

சொந்தப் புதுவீட்டுக்கு வெளியே நிற்பதா? தாணுமாலயன் அலைந்து, தொல்லியல் துறையில் ஓய்வுபெற்ற ஒருவரை ஃபோனில் பிடித்தார்.

"உங்க ஊர்க் கோயில் சிற்பங்களோட வச்சுப் பாருங்க. எதோட பொருந்துதோ அவர்தான்" என்றார் அவர்.

தாணுமாலயனும் கோலப்பனும் பூவலிங்கம் என்ற இன்னொருவரும் வியாழக்கிழமை கோயிலுக்குப் போய், முதல் தூணில் இருந்த அனுமார் மேல் படத்தை வைத்தார்கள்.

"தாளு மறைக்குதே. பொருந்துதான்னு எப்பிடிவே தெரியும்?" என்றார் பூவலிங்கம்.

"கரியால தேய்ச்சா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றார் கோலப்பன்.

தேய்த்தார்கள். அனுமார் அச்சு அசலாகப் பொருந்தினார். வால்கூட வந்தது.

தாணுமாலயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமிதான்!"

"அவசரப்படாதீரும். ஒருத்தரை மட்டும் பாத்து முடிவு கட்டுனா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார் பூவலிங்கம்.

அடுத்த தூணில் யாளி. அதுவும் பொருந்தியது. அதற்கடுத்து விளக்கேந்திய பெண். அவளும்.

"ஒரே ஆளு எப்பிடிவே இத்தனையும்?" என்றார் பூவலிங்கம்.

"வெளிநாட்டுக்காரன்லா. அப்பிடித்தான் இருப்பான்" என்றார் கோலப்பன்.

"விடிஞ்சா பால்காய்ப்பு வே" என்று தாணுமாலயன் அழாக்குறையாகச் சொன்னார்.

தூண்கள் முடிந்ததும் எதிரே நின்றது வடக்குப் பக்கத்து வெறும் மதில். அதை மட்டும் விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வைத்துத் தேய்த்தார்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை பொட்டு இடம் விடாமல் பொருந்தியது.

"மத்ததெல்லாம் நடுவுலதான் பொருந்திச்சு. முழுசாப் பொருந்துனது இதுதான்" என்று கோலப்பன் தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் பகவதியம்மாள் அந்தக் கறுப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு இது?"

"வடக்கு மதில்."

"விளக்கேத்தணுமா?"

"வேண்டாம்."

"திருஷ்டி எடுக்குமா?"

"எடுக்காது."

"அப்போ ரெண்டு பேரும் உள்ள வாங்க."

பால் நல்லபடியாகப் பொங்கியதாம்.

இத்தனை வருடமாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைப் போன மாதம்தான் அண்ணாச்சியிடம் கேட்டேவிட்டேன்: "தெற்கு மதில்ல வச்சுப் பாக்காமலே, அது வடக்கு மதில்தான்னு எப்பிடி அண்ணாச்சி முடிவு கட்டுனீங்க?"