போல இறங்கிய நிறுத்தம்

முன்பொரு காலத்தில் ‘போல’ என்றொரு சொல் இருந்தது. அதற்குப் பரம்பரைச் சொத்து கிடையாது, தனியாக நின்றால் பொருளும் கிடையாது. இதை அதோடு சேர்த்துவிட்டால்தான் பிழைப்பு. தரகு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரொட்டிகளில் தலைவர்களுக்குச் சிங்கத்தைப் பேசி முடித்தது. கல்யாண வாழ்த்துமடல்களில் மணமக்களுக்கு நகத்தையும் சதையையும் பிடித்துக் கொடுத்தது. ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. கை ஓய்ந்ததே இல்லை. வாயும்தான்.

அப்படி அடிபட்டு மிதிபட்டு வந்த போலவுக்கு, ஒரு நாள் நாகலட்சுமியின் கவிதையில் இடம் கிடைத்தது. நாகலட்சுமி தினமும் பேருந்தில் வேலைக்குப் போகிறவர். எழுதியது மூன்றே வரி:

என் நிறுத்தம் வந்துவிட்டது.
தோளில் பூப்போலத் தூங்குகிறது
யாருடைய குழந்தையோ.

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசை மும்தாஜிடம் நோட்டை நீட்டினார்.

“அக்கா, எப்படி இருக்கு?”

மும்தாஜ் படித்தார். “நல்லா இருக்குடி. ஊறுகாய் வேணுமா?”

அவ்வளவுதான். நாகலட்சுமி பென்சிலை எடுத்தார். அது நேராக வந்து போலவின் தலைக்கு மேல் நின்றது.

போல பென்சில் முனையை அண்ணாந்து பார்த்தது. இங்கே அடித்துவிட்டால் மறுபடி சுவரொட்டிதான். பசையும் வெயிலும்தான். ஆனால் பயத்தைக் காட்டினால் பேரம் படியுமா? எகிறியது.

“யார்மேல கோடு போட வர்ற? நான் இல்லாட்டி பூவுக்கும் குழந்தைக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன்” என்றது பென்சில்.

“மெதுவா பேசு. குழந்தை தூங்குது” என்று தோள் அசையாமலே அதட்டியது.

போல குரலைக் கொஞ்சம் இறக்கியது. “சரிப்பா, பூ வேண்டாம். பஞ்சு கொண்டாரட்டுமா? முயல்குட்டி? அதுவும் பிடிக்கலையா? போகட்டும், கடைசி வரியில ஒரு ஓரமா நின்னுக்கிறேன். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்!”

“மெதுவா!”

அப்போது பூ வாய் திறந்தது. “அண்ணே, என்னை விட்டுருங்க. எத்தனை கன்னத்துக்கு அடியிலதான் நான் நசுங்குறது? நீங்களே அந்தக் குழந்தையைப் பாருங்களேன்.”

சேர்த்துவிடு என்றுதான் எல்லோரும் போலவிடம் சொல்லியிருக்கிறார்கள். பார் என்று யாரும் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தது.

குழந்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எச்சில் ஒழுகித் தோளில் புடவை வட்டமாக நனைந்திருந்தது. போல பார்த்துக்கொண்டே இருந்தது. இதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த அதற்கு எதுவுமே தோன்றவில்லை.

பூவின் கையை விட்டது. குழந்தையின் கையையும் விட்டது.

“போடு கோட்டை” என்றது பென்சிலிடம், மிக மெதுவாக.

கோடு விழுந்தது. வலிக்கவில்லை. விட்டால் போதும் என்று பூ செடிக்கு ஓடியது. போல தாளின் ஓரத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, காலியான இரண்டு கைகளையும் உதறிப் பார்த்தது. ‘அடடா, இதுக்கா இந்தக் கத்து கத்தினேன்!’

மறுநாள் மும்தாஜ் படித்தார்:

என் நிறுத்தம் வந்துவிட்டது.
தோளில் தூங்குகிறது
யாருடைய குழந்தையோ.

எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

“அப்புறம்? நீ இறங்கினியா, இல்லையாடி?”

நாகலட்சுமி சிரித்துக்கொண்டே ஊறுகாயை நீட்டினார்.

கவிதை எடுபட்டுவிட்டது என்று தெரிந்ததும், எங்கிருந்தோ ஓர் ஆச்சரியக்குறி மூச்சிரைக்க ஓடி வந்து கடைசி வரியருகே குதித்தது. “கொஞ்சம் தள்ளுங்க! நானும் நின்னா இன்னும் எடுப்பா இருக்கும்!”

ஓரத்தில் இருந்த போல எழுந்து போய் அதன் வாயைப் பொத்தியது.

“மெதுவா பேசுய்யா. குழந்தை தூங்குது.”